விரல் பழக்கமே கோட்டைச் சுவர்: பெரிய மென்பொருள்களின் முகப்பு ஏன் மாறுகிறது, ஏன் மாறாமலே கிடக்கிறது

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பாளையங்கோட்டை நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள டைப்பிங் கடைகளிலும், நெல்லை டவுன் ரத வீதிகளின் மொத்தக் கடைகளில் கணக்கு மேசைகளிலும் அதைத் தொடர்ந்து எழுந்தது பழைய கேள்விதான்: “நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை எதுக்கு மாத்துதானுவ?” விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விட்டது. ரைட் கிளிக் செய்தால் பாதிக் கட்டளைகளைக் காணோம். ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்று இன்னொரு கிளிக் வேண்டியிருக்கிறது. 2016இல் வாங்கிய கம்ப்யூட்டரில் அதைப் போடவே முடியவில்லை.

அதே கடையின் இன்னொரு மேசையில் 2001இல் வந்த, அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை ஆண்டுகளில் அதில் ஒரு பட்டன்கூட இடம் மாறவில்லை. அது ஏன் மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் முதல் கேள்விக்கும் சேர்த்தே விடை கிடைக்கும். சந்தையைப் பிடித்துவிட்ட மென்பொருளில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பது பயன்படுத்துபவரின் வசதியை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு அன்று. பிடித்த இடத்தைக் காப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தே வரும்.

முதலில் நான்கு சொற்கள்

1. முகப்பு: நாம் பார்ப்பதும் தொடுவதும். மெனு, பட்டன், ஷார்ட்கட், எந்தக் கட்டளை எந்தக் கட்டளைக்குக் கீழே வரும் என்ற வரிசை எல்லாம் இதில் அடங்கும். உள்ளே கணக்குப் போடும் இயந்திரம் வேறு, முகப்பு வேறு. இயந்திரத்தை அடியோடு மாற்றினாலும் ஆபரேட்டருக்குத் தெரியாது. ஒரு பட்டனை நகர்த்தினால் அன்று மாலையே தெரிந்துவிடும்.

2. மாற்றுச் செலவு: ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக ஆகும் மொத்தச் செலவு. புதிய மென்பொருளின் விலை இதில் சின்னப் பங்குதான். பழைய ஃபைல்களை மாற்றுவது, ஆளுக்குப் பழக்குவது, பழகும்வரை வேலை மந்தமாவது, தவறிப்போகும் என்ட்ரிகள் என்று மற்றவைதான் பெரிய தொகை.

3. வலைப்பின்னல் விளைவு: மற்றவர் வைத்திருப்பதாலேயே நானும் வைத்திருக்க வேண்டிய நிலை. வக்கீல் வேர்ட் ஃபைலாக அனுப்பினால் டைப்பிங் கடையில் வேர்ட் வேண்டும். அச்சகம் கோரல்டிரா ஃபைல் கேட்டால் அழைப்பிதழ் வடிவமைப்பவருக்குக் கோரல்டிரா வேண்டும். இங்கே மென்பொருளின் தரம் இரண்டாம் பேச்சு.

4. பின்னோக்கிய இணக்கம்: புதிய பதிப்பு பழைய ஃபைலையும் பழைய பழக்கத்தையும் ஏற்றுக்கொள்வது. இது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம். அவரை வெளியே விடாத கதவும் அதுவேதான்.

காவலே இல்லாமல் நிற்கும் சுவர்

விரல் பழக்கத்துக்கு எவ்வளவு பலம் என்பதை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஒரு முகப்பை வைத்து அளந்து பார்க்கலாம்: தமிழ்த் தட்டச்சுப் பலகை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு தரமாக்கியது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள். நடுவில் புள்ளி தானாக விழுந்துவிடும். பழைய டைப்ரைட்டர் முறையில் புள்ளிக்குத் தனியே ஒரு தட்டு, துணைக்காலுக்கு ஒரு தட்டு. புதியது எளிது, இலவசம், அரசின் முத்திரையும் பெற்றது.

இருந்தும் டைப்பிங் கடைகளில் டைப்ரைட்டர் முறை போகவில்லை. இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு முடித்து வந்த விரலுக்கு அந்த இடங்கள்தான் தெரியும். அந்தச் சான்றிதழுக்கு அரசு வேலையில் மதிப்பு இருக்கும்வரை இன்ஸ்டிடியூட் அதைத்தான் சொல்லிக்கொடுக்கும். இதில் லாபம் பார்க்கும் முதலாளி என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் சுவர் நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் கையில் இப்படி ஒரு சுவர் கிடைத்தால், அதற்கு மேல் காவலும் போட்டால் எப்படியிருக்கும்?

மெனு யாருக்குச் சொந்தம்: லோட்டஸ் வழக்கு

1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3 தான் அந்தக் காலத்து எக்செல். சாய்கோட்டு (/) விசையைத் தட்டினால் மேலே மெனு விரியும். அதன்பின் எஃப், எஸ் தட்டினால் ஃபைல் சேவ் ஆகும். கணக்காளர்கள் திரையைப் பார்க்காமலே அடித்தார்கள். இந்தத் தட்டுகளைக் கோத்து ‘மேக்ரோ’ எழுதியும் வைத்தார்கள்.

போர்லாண்ட் நிறுவனம் குவாட்ரோ புரோ என்ற போட்டி மென்பொருளைக் கொண்டுவந்தபோது, லோட்டஸின் மெனு வரிசையை அப்படியே தரும் ஒரு வசதியையும் சேர்த்தது. பழகிய விரலோடு ஆள் மாறி வரட்டும் என்பதுதான் நோக்கம். 1990இல் லோட்டஸ் வழக்குப் போட்டது. வழக்கின் நடுவே நின்றது 50க்கு மேற்பட்ட மெனுக்களில் அடுக்கிய 469 கட்டளைகள். கீழ் நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் நின்றது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது: மெனு வரிசை என்பது கருவியை இயக்கும் முறை, வீடியோ ரெக்கார்டரின் பட்டன்களைப் போல, அதற்குப் பதிப்புரிமை கிடையாது. 1996 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 4 என்று சமமாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது.

லோட்டஸுக்கு இது பயன்பட்டதா என்றால் இல்லை. வழக்கு நடந்த காலத்திலேயே விண்டோஸ் பரவிக்கொண்டிருந்தது. விண்டோஸுக்கான எக்செல் 1987இலேயே வந்துவிட்டது; விண்டோஸுக்கான 1-2-3 வந்தது 1991இல். பழைய மெனுவுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தபோது மெனுவையே வேண்டாமலாக்கும் மவுஸ் பக்கத்து வாசலில் வந்து நின்றது.

எக்செல் செய்தது இதற்கு நேர் எதிர். லோட்டஸ் பழக்கத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே குடிவைத்தது. இன்றும் எக்செலில் காலியான கட்டத்தில் நின்று சாய்கோட்டு விசையைத் தட்டிப் பாருங்கள்: மேலே மெனு எழுத்துகள் எழும்பும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியின் அடிவரை இறங்கினால் ‘லோட்டஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்று ஒரு தலைப்பே இருக்கிறது. இன்னொன்று: ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். 1900 லீப் வருடமே அன்று. அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. லோட்டஸில் இருந்த பிழை அது. லோட்டஸ் ஃபைல்களின் தேதி ஒருநாள் தள்ளிப் போய்விடக் கூடாதென்று எக்செல் தெரிந்தே அதை ஏற்றது. லோட்டஸ் போயே போய்விட்டது, பிழை இருக்கிறது. இப்போது அதைத் திருத்தினால் உலகம் முழுவதும் உள்ள எக்செல் ஃபைல்களில் தேதிகள் நகரும். முன்னணியில் இருப்பவர் சுமக்கும் பாரம் இது.

ரிப்பன்: உண்மையான சிக்கல், கூடவே வந்த வேலி

ஆபீஸ் 2007 கடைகளுக்கு வந்தது 2007 ஜனவரி 30. ஃபைல், எடிட், வியூ என்று கிடந்த மெனுக்களை எடுத்துவிட்டு, பட்டன்களை வரிசையாக அடுக்கிய ‘ரிப்பன்’ என்ற அகலமான பட்டையை வைத்தார்கள். ‘போட்டியாளரைத் தடுக்கத்தான் மாற்றினார்கள்’ என்று சொல்பவர்களும் உண்டு, ‘வசதிக்காகவே மாற்றினார்கள்’ என்பவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது.

சிக்கல் உண்மையானது. விண்டோஸுக்கான முதல் வேர்டில் ஏறத்தாழ 100 கட்டளைகள் இருந்தன. வேர்ட் 2003இல் 1,500க்கு மேல். 31 டூல்பார்கள், 19 டாஸ்க் பேன்கள். ஏற்கெனவே இருக்கும் வசதிகளையே ‘இதையும் சேருங்கள்’ என்று மக்கள் கேட்டார்கள்; இருப்பது கண்ணில் படவில்லை. அனுமதி தந்த பயனர்களிடமிருந்து திரட்டிய தரவு இன்னொன்றையும் காட்டியது: வேர்ட் 2003இல் பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்டு என்ற ஐந்து கட்டளைகள் மட்டுமே மொத்தப் பயன்பாட்டில் சுமார் 32 சதவீதம், அதில் பேஸ்ட் மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். ரிப்பனின் இடக்கோடியில் பேஸ்ட் பட்டன் மட்டும் பூதாகரமாக இருப்பதற்கு இந்த எண்தான் காரணம்.

இனி வேலி. ஆபீஸ் 2003 பதிப்பு வரை, இலவசப் போட்டியாளரான ஓப்பன் ஆபீஸின் மெனு மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் மெனுவைப் போலவே இருந்தது. வேர்ட் தெரிந்த ஆபரேட்டர் ஒரே நாளில் அதில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். லோட்டஸ் வழக்கின் முடிவுப்படி மெனு வரிசைக்குப் பதிப்புரிமை கோருவதும் கடினம். ரிப்பன் அப்படியில்லை, அதன் மேல் மைக்ரோசாஃப்ட் காப்புரிமைகள் (பேட்டன்ட்) வாங்கியது. 2006 நவம்பரில் ஒரு லைசென்ஸும் அறிவித்தது: யார் வேண்டுமானாலும், எந்த இயங்குதளத்திலும், காசில்லாமல் தங்கள் மென்பொருளில் ரிப்பன் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு விலக்கு: வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், அவுட்லுக், ஆக்சஸ் என்ற ஐந்தோடு நேரடியாகப் போட்டியிடும் மென்பொருளுக்கு அனுமதி கிடையாது.

இந்த விலக்கைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஊரெல்லாம் ரிப்பன் பரவட்டும், பிள்ளைகள் அதில் பழகட்டும். ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஆபீஸை விட்டு வெளியேற ஒரு வாசல்கூட இருக்கக் கூடாது. நல்லெண்ணமும் வியாபாரமும் ஒரே தாளில் கையெழுத்தான இடம் இது. பிற்பாடு, கோரல் ஹோம் ஆபீஸில் ரிப்பன் போன்ற முகப்பு வைத்ததற்காக 2015இல் கோரல் மேல் மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. 2018இல் ஜூரி மைக்ரோசாஃப்டுக்கு இழப்பீடு அளித்தது. ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸில் ரிப்பன் சாயலில் ஒரு பட்டை முதலில் பரிசோதனையாக வந்ததே 2017இல்தான். பத்து வருட இடைவெளி.

ஆனால் 2007இல் மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய ஆபத்தையும் ஏற்றது. ஆபீஸ் 2003 பழகியவருக்கு ஆபீஸ் 2007ஐவிட ஓப்பன் ஆபீஸ்தான் அன்று பழக்கமான முகம். மாறுவதென்றால் அந்தப் பக்கமே போயிருக்கலாம். போகாமல் தடுத்தவை இரண்டு. ஒன்று, ஃபைல் வடிவம். மற்றவர் அனுப்பும் வேர்ட் ஃபைல் வேறெதிலும் பிசிறில்லாமல் திறக்காது. இரண்டாவது, ஷார்ட்கட்டுகளை விட்டுவைத்தது. ஆல்ட், அதன்பின் இ, எஸ், வி என்று தட்டினால் எக்செலில் இன்றும் ‘பேஸ்ட் ஸ்பெஷல், வேல்யூஸ்’ வரும். ‘எடிட்’ மெனு போய் 18 வருடத்துக்கு மேல் ஆகிறது; அதற்குப் போகும் விரல்பாதை மட்டும் இருக்கிறது. கண்ணுக்குப் புதுசு, கைக்குப் பழசு. மெனுவை மாற்றும் எந்த முன்னணி நிறுவனமும் மறக்கக் கூடாத பாடம் இது.

எதிரி இல்லாத ஐந்து வருடம், எதிரியைக் கண்டு பதறிய மூன்று வருடம்

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001 ஆகஸ்டில். அதற்குள் போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப் ஓய்ந்துவிட்டது. அடுத்த பதிப்பு 7 வந்தது 2006 அக்டோபரில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பிரவுசிங் சென்டர்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தனி ஜன்னல் திறந்து, கீழே பட்டை நிரம்பி வழிந்தது. டேப் என்ற எளிய யோசனை மற்ற பிரவுசர்களில் அப்போதே இருந்தது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து ஆட்களை இழுக்கத் தொடங்கிய பிறகே எக்ஸ்ப்ளோரருக்கும் டேப் வந்தது. இதைச் சோம்பல் என்பதைவிடக் கணக்கு என்பதே சரி: பிரவுசர் வளர வளர வேலைகள் பிரவுசருக்குள் போகும், அப்புறம் விண்டோஸ் எதற்கு? 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் தொடுத்த வழக்கின் மையமே இந்த அச்சம்தான்.

ஆபீஸிலும் இதே கணக்கு. ஜோஹோ ரைட்டர் 2005இல் பிரவுசருக்குள் வந்தது, கூகுள் டாக்ஸ் 2006இல். மைக்ரோசாஃப்டின் இலவச வெப் பதிப்பு 2010இல் வந்தது, அதுவும் மெலிந்து. முழு வேர்டின் பல வசதிகள் அதில் வைக்கப்படவில்லை. கல்யாண அழைப்பிதழ் உறைகளுக்கு முகவரி அச்சடிக்கும் மெயில் மெர்ஜ் அதில் ஒன்று. காசு தரும் பொருளை இலவசப் பொருள் தின்றுவிடக் கூடாது.

பதற்றத்துக்கு உதாரணம் விண்டோஸ் 8. ஐபேட் 2010இல் வந்தது. 2012 அக்டோபர் 26இல் வந்த விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனே இல்லை. கீபோர்டும் மவுஸும் வைத்த மேசைக் கம்ப்யூட்டரிலும் தொடுதிரைக்கான கட்டங்கள். டேப்லெட்டில் இழந்த சந்தையைப் பிடிக்க, மேசையில் ஏற்கெனவே இருந்த கோடிக்கணக்கானவர்களைப் பழக்கப் பார்த்தார்கள். 2013 அக்டோபரில் 8.1இல் பட்டன் திரும்பியது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10இல் மெனுவும் திரும்பியது. பல கடைகள் இந்த மூன்று வருடத்தையும் விண்டோஸ் 7லேயே கழித்தன. சரியான முடிவு.

டேலி மேசையில் ஒரு தட்டு

பெங்களூரிலிருந்து வரும் கணக்கு மென்பொருளான டேலி நம் ஊர் அரிசிக் கடை முதல் ஆடிட்டர் அலுவலகம் வரை எங்கும் இருக்கிறது. 2020 நவம்பரில் டேலி.இஆர்பி 9க்கு அடுத்ததாக டேலிபிரைம் வந்தபோது மாற்றத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதைப் பார்த்தால் மேலே சொன்ன தர்க்கம் துல்லியமாகத் தெரியும்.

1. நாள் முழுக்க அடிக்கும் விசைகளைத் தொடவில்லை. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், சேவ் செய்யக் கண்ட்ரோல்+ஏ. எல்லாம் அப்படியே.

2. படி குறைத்தார்கள். லெட்ஜர் திறக்க அக்கவுன்ட்ஸ் இன்ஃபோ, லெட்ஜர்ஸ், கிரியேட் என்று போன வழி, கிரியேட், லெட்ஜர் என்று சுருங்கியது. ஆல்ட்+ஜி தட்டினால் எங்கிருந்தும் எங்கும் போகலாம்.

3. எப்போதாவது அடிக்கும் விசைகளை மாற்றினார்கள். தடுக்கி விழுவது இங்கேதான்.

சரக்கு ரிட்டன் வந்தால் கிரெடிட் நோட் போட வேண்டும். பழைய டேலியில் கண்ட்ரோல்+எஃப்8. டேலிபிரைமில் அது ஆல்ட்+எஃப்6. கண்ட்ரோல்+எஃப்8 இப்போது சேல்ஸ் ஆர்டர். டெபிட் நோட்டுக்குப் பழைய கண்ட்ரோல்+எஃப்9 போய் ஆல்ட்+எஃப்5 வந்தது. கண்ட்ரோல்+எஃப்9 இப்போது பர்ச்சேஸ் ஆர்டர். பழைய கை கண்ட்ரோல்+எஃப்8 தட்டி, திரையின் மேல் இடது மூலையில் என்ன வவுச்சர் என்று பார்க்காமல் பார்ட்டி பெயர், சரக்கு, அளவு என்று அடித்து கண்ட்ரோல்+ஏ கொடுத்தால் என்ன நடக்கும்? ஆர்டர் என்பது கணக்கைத் தொடாத குறிப்பு. பார்ட்டியின் பாக்கி குறையாது. சரக்கு இருப்பு ஏறாது. ஜிஎஸ்டி கணக்கில் ரிட்டன் வராது. மாதக் கடைசியில் பார்ட்டி ஸ்டேட்மென்ட் கேட்கும்போது சண்டை. எர்ரர் என்று எதுவும் காட்டாத தப்பு இது, அதனால்தான் மோசம். மாறிய விசை எதுவும் செய்யாமல் இருந்தால் ஆபரேட்டர் உடனே விழித்துக்கொள்வார். இன்னொரு வேலையைச் செய்தால் ஏமாந்துவிடுவார்.

பிடிக்காவிட்டால் பழைய பதிப்பிலேயே இருக்கலாமே என்றால், சட்டம் விடாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடம் பதிவாக வேண்டும் என்ற விதி வந்தது. விதி மாறும்போதெல்லாம் புதிய பதிப்பு கட்டாயம். முகப்பு மாற்றமும் அதே பெட்டியில் சேர்ந்து வந்து இறங்கும்.

பேஜ்மேக்கர்: கைவிடப்பட்ட கோட்டைக்குள் குடியிருப்பவர்கள்

ஆல்டஸ் நிறுவனம் 1985இல் செய்தது பேஜ்மேக்கர். 1994இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்தப் பழைய அடித்தளத்தின் மேல் இனிக் கட்ட முடியாதென்று புதிதாக எழுதிய இன்டிசைனை 1999இல் இறக்கியது. 2004இல் பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. இன்டிசைனின் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பட்டியலில் பேஜ்மேக்கர் 7.0க்கும் குவார்க்எக்ஸ்பிரஸ் 4.0க்கும் தனித்தனித் தொகுப்பு வைத்திருந்தார்கள். சொந்த வீட்டிலிருந்தும் எதிரி வீட்டிலிருந்தும் விரல்களை அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

தமிழ் அச்சகங்கள் அந்த அழைப்பை ஏற்காததற்குக் காரணம் விரல் மட்டும் அன்று, எழுத்துருவும்தான். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. பாமினியில் ஆங்கில ஜே இருக்கும் இடத்தில் ‘த’, கே இருக்கும் இடத்தில் ‘ம’. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கிலம். வாட்ஸ்அப்புக்கு காப்பி செய்தால் ஆங்கிலக் குப்பையாக வருவது இதனால்தான். இன்டிசைனும் தமிழை ஒழுங்காகக் கோக்க ஆரம்பித்தது 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான். பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும் அதே சிஎஸ்6. அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. ஒரு கதவு திறந்தபோதே மறு கதவு சாத்திக்கொண்டது.

சந்தா வந்தபின் முகப்பின் வேலை

ஒருமுறை விற்றுக் காசு வாங்கிய காலத்தில், ‘இது புதுசு’ என்று காட்ட முகப்பு மாற வேண்டியிருந்தது. மாதச் சந்தாவில் அந்தத் தேவை குறைந்துவிட்டது. இப்போது முகப்பு ஒரு கடைவாசல். சேவ் கொடுத்தால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் முன்னால் வந்து நிற்கிறது. 2025 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல், ஃபேமிலி சந்தாக்களில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து விலையும் ஏற்றினார்கள். கோபைலட் இல்லாத ‘கிளாசிக்’ சந்தா இருப்பது, ரத்து செய்யப் போனால்தான் கண்ணில் பட்டது என்பது ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. ஒரு பட்டனை எந்தத் திரையில் வைப்பது என்பது இப்போது நீதிமன்ற விவகாரம்.

சட்டமும் சில நேரம் முகப்பை வரைகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புதிய போனை முதலில் அமைக்கும்போதே தேடுபொறியைப் பயனர் தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஐரோப்பாவில் பிரவுசர் தேர்வுத் திரையை விண்டோஸ் 7இன் ஒரு பதிப்பில் காட்டத் தவறியதற்கு 2013இல் மைக்ரோசாஃப்ட் கட்டியது 56.1 கோடி யூரோ.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ போன்றவர்களுக்கு இது எல்லாம் நேரடி விஷயம். புதிதாக நுழைபவர் வேர்ட் ஃபைலைப் பிசிறில்லாமல் திறக்க வேண்டும், பழகிய ஷார்ட்கட்டை ஏற்க வேண்டும். அதற்கே உழைப்பில் பெரும்பங்கு போய்விடும். மிச்சத்தில்தான் சொந்தப் புதுமை. முன்னணியில் இருப்பவரின் வடிவம் போட்டியாளரின் கற்பனையையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது.

பழைய ஃபைலோடு மாற நினைக்கும் டி.டி.பி. (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும்) கடைக்கு

1. மாறும் முன் எழுத்துருவைப் பட்டியலிடுங்கள். பேஜ்மேக்கரில் யுட்டிலிட்டீஸ், பிளக்-இன்ஸ், பப் இன்ஃபோ என்று போனால் அந்த ஃபைலில் உள்ள எழுத்துருக்கள் தெரியும். பாமினி ஃபைலை வானவில் என்று சொல்லி, யூனிகோடுக்கு மாற்றித்தரும் ‘மாற்றி’ மென்பொருளில் போட்டால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும்.

2. உரையைத் தனியே எக்ஸ்போர்ட் செய்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே பிரித்தெடுத்து வையுங்கள். இல்லையென்றால் ‘மாற்றி’ அவற்றையும் தமிழென்று நினைத்து உருக்குலைக்கும்.

3. மாற்றியபின் முதலில் பார்க்க வேண்டியவை கொ, கோ, கௌ. பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்துதான் முதலில் பதிவாகும். ‘மாற்றி’ இந்த இடமாற்றத்தில் தவறினால் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவும். ‘கௌ’ என்பது ‘கெள’ ஆவதும் சகஜம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

4. இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண கம்போசரில் இருந்தால் கொம்பும் துணைக்காலும் பிரிந்து நிற்கும்.

5. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்துப் பழைய பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். வரி உடையும் இடம் மாறியிருந்தால் பக்க எண்ணிக்கையும் மாறும். விலை பேசியது பழைய எண்ணிக்கைக்கு.

6. பழைய கம்ப்யூட்டரை உடனே எடைக்குப் போட வேண்டாம். நெட் இணைப்பை எடுத்துவிட்டு, பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் அதில் அப்படியே இருக்கட்டும். போன வருட மலரில் ஒரு பெயரைத் திருத்திக் கேட்டு வாடிக்கையாளர் வரும் நாளில் அது தேவைப்படும்.